இழுத்தால் நிற்கும் குமிழ்

அந்தக் குமிழ் இலந்தைப் பழத்தைவிடச் சற்றுப் பெரியது. கறுப்பு நிறம். அதன் முகத்தில் ஏதோ ஓர் எழுத்து பொறித்திருந்ததாம். எனக்கு விவரம் தெரிவதற்குள் அது அப்பாவின் விரல்களில் தேய்ந்து மொழுக்கென்று ஆகிவிட்டிருந்தது. எங்கள் ஜீப்பின் முன்பலகையில், ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம், ஒரு மெல்லிய கம்பியின் நுனியில் அது உட்கார்ந்திருக்கும். அதற்குப் பெயர் சோக். காலையில் பெட்ரோல் எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது அந்தக் குமிழை வெளியே இழுத்துக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும். உள்ளே போகும் காற்று குறையும், பெட்ரோல் கூடும், வண்டி கிளம்பும். கிளம்பியபின் மெல்ல மெல்ல உள்ளே தள்ளிவிட வேண்டும். நாலைந்து வயதில் அதை இழுப்பது என் வேலையாக இருந்தது. அப்பா என்னை மடியில் உட்காரவைத்துக்கொண்டு, "இழு தாயி" என்பார். அவருடைய வலது கை சாவியில் இருக்கும். என்னுடைய இடது கை குமிழில் இருக்கும், அதன்மேல் அவருடைய இடது கை. எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடிக்கும்போது அந்த அதிர்வு அவர் தொடை வழியாக ஏறி என் முதுகுக்கு வரும். பல் கூசும். சிரிப்பேன்.

இப்போது நான் ஒரு பாலிடெக்னிக்கில் வாகனப் பொறியியல் நடத்துகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான்தான். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அப்பாவுக்குக் கைநாட்டு. அம்மாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுத வரும், அதுவும் நான் சொல்லிக்கொடுத்தது. வாரத்துக்கு நான்கு நாள் காலை முதல் வகுப்பில் டீசல் எஞ்சினைப் பற்றிப் பேசுகிறேன். குளிர்ந்த எஞ்சின் ஏன் கிளம்பாது என்று கரும்பலகையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிப்போடுகிறேன். மாணவர்கள் கொட்டாவி விடுகிறார்கள். எனக்கும் கொட்டாவி வருகிறது. ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டியலில் நான் எழுதாமல் விடுகிற காரணம் ஒன்று இருக்கிறது.

எங்கள் ஊர் டி. கல்லுப்பட்டிக்கு மேற்கே, மலையடிவாரத்துக்குப் போகிற வழியில், ஒரு மணல் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஓடைக்குப் பாலம் கிடையாது. தண்ணீர் ஓடும் மாதங்கள் கொஞ்சம்தான் என்றாலும் மணல் எல்லா மாதமும் இருக்கும். சின்ன லாரி இறங்கினால் அச்சு வரை புதைந்துவிடும். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் கரையேறும். அப்படியொரு பழைய ஜீப் அப்பாவிடம் இருந்தது. ராணுவ ஏலத்தில் வந்து, மூன்று கை மாறி அவரிடம் சேர்ந்த வண்டி. ஓடைக்கு அந்தப் பக்கத்து நான்கு ஊர்ப் பாலையும் விடியற்காலையில் கேன் கேனாக ஏற்றி, ஓடையைக் கடந்து, கல்லுப்பட்டியில் இருக்கும் குளிரூட்டும் நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் தொழில். பால் காத்திருக்காது. ஏழு மணிக்குமேல் போனால் திரிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டு மாடு வைத்திருக்கிற பெண்கள்தான் அந்தப் பாலுக்குச் சொந்தக்காரர்கள். எங்கள் அம்மாவும் அவர்களில் ஒருத்தி.

நான் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படித்தபோது அந்தப் பெட்ரோல் எஞ்சின் செத்துக்கொண்டிருந்தது. ஓடை ஏற்றத்தில் நீலப் புகை கக்கும். உதிரிபாகம் எங்கும் கிடைக்கவில்லை. வண்டியை எடைக்குப் போட்டுவிடலாம் என்று பால் சங்கச் செயலாளரே சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். விடுமுறைக்கு வந்தபோது நோட்டில் படம் போட்டுக் காட்டினேன். ஜீப்பின் சட்டம் உறுதியாக இருக்கிறது, கியர்பெட்டி நன்றாக இருக்கிறது, எஞ்சினை மட்டும் எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் வைக்கலாம், ஓடை மணலில் மெதுவாக இழுக்கிற வேலைக்கு டீசல்தான் சரி என்றேன். அப்பா நோட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "டீசலுன்னா முக்கிக்கிட்டே போகுமே தாயி" என்றார். "முக்குனாலும் ஏறும்ப்பா" என்றேன். மறுநாள் வண்டியை மதுரைக்குக் கிளப்பினார்.

வில்லாபுரம் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் மெக்கானிக் பாயின் பட்டறை. அப்பாவுக்கு அவரைப் பல வருடமாகத் தெரியும். கவிழ்ந்து நொறுங்கிய ஒரு வேனிலிருந்து எடுத்த டீசல் எஞ்சின் அவரிடம் இருந்தது. வேன்தான் நசுங்கியதே தவிர எஞ்சினுக்கு ஒரு கீறல் இல்லை. என் விடுதியிலிருந்து பட்டறைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். ஆடி மாத வெயிலில், வகுப்பு முடிந்ததும் தினமும் போனேன். சங்கிலி போட்டுப் பழைய எஞ்சினைத் தூக்கியபோது அப்பா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். புதியது பழையதைவிடக் கனம், நீளம். தாங்குகிற கால்களை அறுத்து வேறு இடத்தில் பற்றவைக்க வேண்டியிருந்தது. எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் துளைகள் பொருந்தவில்லை. நடுவில் வைக்க ஒரு தடித்த இரும்புத் தட்டு வேண்டும். அந்தத் தட்டுக்கான துளைகளை நான் அட்டையில் அளவெடுத்துக் கல்லூரி வரைபலகையில் போட்டுக் கொண்டுவந்தேன். பாய் அதை லேத்காரரிடம் நீட்டி, "பாரு மாப்ள, படிச்ச புள்ள போட்ட கோடு. உன் சுண்ணாம்புக் கோடு மாதிரி நெளியுதா பாரு" என்றார். லேத்காரர், "நெளியல பாய். ஆனா பொருந்துதான்னு பாத்துட்டுப் பேசுவோம்" என்றார். பொருந்தியது. எட்டு போல்ட்டும் கையாலேயே உள்ளே போயின. அன்றைக்கு நான் பஸ்ஸில் உட்காரவில்லை. நின்றுகொண்டே விடுதிக்குப் போனேன்.

அடுத்தது எண்ணெய்த் தொட்டி. நான்கு சக்கர இழுவை வண்டிக்கு முன் அச்சிலும் பல்சக்கரக் குடம் ஒன்று புடைத்துக்கொண்டு நிற்கும். டீசல் எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி அதன் தலையில் இடித்தது. பாய் தொட்டியின் ஒரு மூலையை வெட்டியெடுத்துவிட்டு வேறு தகடு வைத்துப் பற்றவைத்தார். வெளியே சாக்பீஸ் பொடியைத் தடவி, உள்ளே மண்ணெண்ணெயை ஊற்றி, இரவு முழுக்க விட்டுவைத்தார். காலையில் பொடி எங்காவது நனைந்திருந்தால் அங்கே ஒழுக்கு. நனையவில்லை. எஞ்சின் எண் ஆர்.சி. புத்தகத்தில் மாற வேண்டும் என்பதால், எண் பொறித்த இடத்தில் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தேன். கரிக்குள் இருந்து எண்கள் ஒவ்வொன்றாக எழுந்து வருவதை அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். விண்ணப்பத்தை நான் எழுதினேன். அவர் பெருவிரலை வைத்தார்.

கடைசியாக மிஞ்சியது இந்தக் குமிழ். பெட்ரோல் எஞ்சின் சாவியைத் திருப்பினாலே நின்றுவிடும். அந்தப் பழைய வகை டீசல் எஞ்சின் அப்படி நிற்காது. சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். டீசலை அடைக்கிற ஒரு நெம்புகோலை இழுக்க வேண்டும். ஸ்டாப்பர் என்பார்கள். அதற்கு ஒரு கம்பியும் குமிழும் வேண்டும். பாய் டப்பாவில் தேடி ஒரு சிவப்புக் குமிழை எடுத்தார். நான் முன்பலகையைப் பார்த்தேன். டீசலுக்குச் சோக் கிடையாது, ஆகவே அந்தக் கறுப்புக் குமிழ் வேலையில்லாமல் நின்றது. நல்ல கம்பி, துருவில்லை, நீளமும் சரியாக இருந்தது.

"எதுக்குப் பாய் பலகையில இன்னொரு ஓட்டை? இந்தச் சோக்கையே ஸ்டாப்பருக்குக் குடுத்துருங்க" என்றேன்.

பாய் சிவப்புக் குமிழை உள்ளங்கையில் உருட்டினார். "குடுக்கலாம் தாயி. ஆனா அண்ணன் கை அதுல இம்புட்டு வருசமா கெடக்கே. இழுத்தா கெளம்புறது ஒண்ணு, இழுத்தா நிக்கிறது ஒண்ணு."

"அதெல்லாம் ரெண்டு நாள்ல பழகிரும் பாய்."

பாய் அப்பாவைப் பார்த்தார். லேத்காரர் இருந்தார், பக்கத்துப் பட்டறை ஆள்கள் இருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மக சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்படியே போட்ருங்க பாய்" என்றார்.

வண்டி வெளியே வந்த அன்று அப்பா எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தார். பாய் பிஸ்மில்லா சொல்லி எஞ்சினைக் கிளப்பினார். அப்பா நான்கு சக்கரத்துக்கு அடியிலும் ஒவ்வொரு பழம் வைத்து நசுக்கிக்கொண்டு வெளியேறினார். ஓடை மணலில் இறங்கி, முக்கிக்கொண்டே, ஆனால் ஒருமுறைகூடத் திணறாமல் எதிர்க்கரை ஏறியதாக அம்மா சொன்னாள். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மூன்று மாதமும் ஒரு குறையும் இல்லை. காலைக் குளிர் இல்லாத நாள்களில் யாருக்கும் சோக்கின் ஞாபகமே வராது. பழைய எஞ்சின் இருந்தபோதும் அந்த மாதங்களில் அப்பா அதைத் தொட்டதில்லை.

கார்த்திகையில் பனி இறங்கியது. ஒரு காலையில் வண்டி கிளம்பவில்லை. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. ஊரே சேர்ந்து தள்ளியது. எப்போது கிளம்பியது, எப்படிக் கிளம்பியது என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்குள் ஏழரை ஆகி, பாதிப் பால் திரும்பி வந்தது. பாயைப் போனில் கூப்பிட்டார்கள். அவர் மதுரையிலிருந்து பஸ் ஏறி மதியம் வந்து சேர்ந்தார். சாவியைத் தொட்டதும் எஞ்சின் பிடித்துவிட்டது. "என்னண்ணே, வெயில்ல வரவச்சு விருந்து போடத்தான் கூப்டீகளா?" என்று கேட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலை மறுபடியும் கிளம்பவில்லை. அன்றைக்கு எங்கள் தெருவிலேயே நான்கு கேன் பாலைச் சாக்கடையில் ஊற்றினார்கள். ஊற்றிய பெண்கள் அப்பாவைத் திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை என்றாள் அம்மா. செயலாளர் வந்து, "மாமா, தப்பா எடுத்துக்காதீக. நாளைக்கும் இப்படின்னா வேற வண்டிதான் பாக்கணும். சனங்க என்னையக் கேக்குறாக" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா எனக்குப் போன் செய்தாள்.

நான் வந்தேன். கல்லூரி ஆய்வகத்தில் கெஞ்சிக் கேட்டு வாங்கிய மீட்டர், பாடப்புத்தகம், நோட்டு எல்லாவற்றோடும் வந்தேன். என்னுடைய எஞ்சின் அது. என்னுடைய தட்டு, என்னுடைய யோசனை. அது கிளம்பாமல் நிற்பது என் படிப்பே ஊர் நடுவில் நிற்பது மாதிரி இருந்தது. மாலை வெளிச்சம் இருக்கும்வரை சோதித்தேன். பேட்டரி சரி. எஞ்சினைச் சூடாக்கும் பிளக்குகள் நான்கும் சரி. டீசல் குழாயில் காற்று இல்லை. வெயில் சூட்டில் அப்பா சாவியைத் திருப்பினால் உடனே பிடித்தது. நோட்டில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். அப்பா சற்றுத் தள்ளி நின்று, "எஞ்சினு மேல தப்பு இருக்குமா தாயி?" என்று கேட்டார். "இருக்கணும்ப்பா. தப்பில்லாம எப்படி நிக்கும்" என்றேன். அவர் மெல்லத் தலையாட்டினார். தவறு எஞ்சினில் இருந்தால் அது என்னைச் சேரும் என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

விடிந்தும் விடியாத நேரம். கேன்கள் ஏறிவிட்டன. பின்னால் தள்ளுவதற்கு ஏழெட்டுப் பேர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். செயலாளர் பைக்கில் வந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பால்காரப் பெண்கள் வாசல்களில் நின்றார்கள். நான் இடப்பக்க இருக்கையில் மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பா ஏறினார். முருகா என்று ஒருமுறை சொன்னார். வலது கை சாவிக்குப் போனது. அதே கணத்தில் அவருடைய இடது கை, அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை, தானாகப் போய் அந்தக் கறுப்புக் குமிழைப் பிடித்து முழுதாக வெளியே இழுத்துக்கொண்டது. ஸ்டார்ட்டர் சுற்றியது. எஞ்சினுக்கு ஒரு சொட்டு டீசல் போகவில்லை. எப்படிப் போகும்?

எனக்கு ஒரே நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. பனிக்காலம், காலை நேரம், மதியம் பாய் தொட்டதும் கிளம்பியது எல்லாம். அப்படி விளங்கும்போது வருகிற சந்தோஷத்தைப் படித்தவர்கள் அறிவார்கள். என்னுடைய எஞ்சினில் தவறில்லை. நான் மடியிலிருந்த மீட்டர் கீழே விழச் சிரித்தேன். வெளியே எட்டிப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"யப்பா! நீயே அமத்திப்புட்டு நீயே ஸ்டார்ட் பண்ணிக்கிட்டு இருக்கியே! எஞ்சினு நல்லாத்தான் இருக்கு. உன் கைதான் சரியில்ல!"

என்ன ஏது என்று கேட்டார்கள். நான் இறங்கி விளக்கினேன், வகுப்பு எடுப்பதுபோல. முதலில் செயலாளர் சிரித்தார். பிறகு தள்ள வந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "ரெண்டு நாளா என் இடுப்பு ஒடஞ்சதெல்லாம் இதுக்குத்தானாண்ணே?" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டார். இன்னொருவர், "அண்ணனுக்கு வயசாச்சுடா, அவரு கை பெட்ரோல்லயே நிக்குது" என்றார். வாசலில் நின்ற பெண்களும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். பால் பிழைத்த நிம்மதியும் அதில் இருந்திருக்கும். அப்பா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தன் இடது கையை ஒருமுறை பார்த்தார். குமிழை உள்ளே தள்ளினார். சாவியைத் திருப்பினார். பிடித்தது. வண்டி ஓடையில் இறங்கியது. அன்றைக்குப் பால் ஆறேமுக்காலுக்குப் போய்ச் சேர்ந்தது. செயலாளர் என்னிடம், "படிப்புன்னா இது படிப்பு" என்றார். பால் ஏற்றும் வேலை எங்களிடமே நின்றது. நான்தான் காப்பாற்றினேன் என்று ஊரே சொன்னது. நானும் நம்பினேன்.

மதுரைக்குத் திரும்பும் பஸ்ஸில்தான், திருமங்கலம் தாண்டியபிறகு, பாயின் உள்ளங்கையில் உருண்ட சிவப்புக் குமிழ் ஞாபகத்துக்கு வந்தது. அந்தக் கறுப்புக் குமிழை ஸ்டாப்பராக்கச் சொன்னது நான். கை பழகியிருக்குமே என்று பாய் சொன்னபோது இரண்டு நாளில் பழகிவிடும் என்றது நான். நாலு பேர் முன்னால் மகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொன்னவர், நாற்பது பேர் முன்னால் மகள் சிரித்தபோது 'நீ சொல்லித்தானே போட்டோம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் சிரிப்பு அப்படியே என் பக்கம் திரும்பியிருக்கும். படித்த பெண் செய்த வேலையைப் பார் என்று ஊர் பல வருடம் பேசியிருக்கும். அவருக்கு அது ஞாபகம் இல்லாமல் இல்லை. அந்த ஒரு நொடி அவர் இடது கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவர் வண்டி எடுப்பதைப் பார்த்தேன். ஏறி உட்கார்ந்ததும் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். பிறகு வலது கையால் சாவியைத் திருப்பினார். எஞ்சின் பிடித்தபிறகுதான் கையை வெளியே எடுத்தார். அதன்பிறகு தினமும் அப்படித்தான். வாசலில் நிற்கிற யாராவது, "அண்ணே, கையக் கட்டிப் போட்டாச்சா?" என்று கேட்பார்கள். அவர் ஹாரனை ஒருமுறை அடித்துவிட்டுப் போய்விடுவார். அந்த வண்டியைப் பற்றி அவர் அதற்குப்பிறகு என்னிடம் எதுவும் கேட்டதில்லை. முன்பெல்லாம் ஒரு போல்ட் தளர்ந்தாலும் விடுதிக்குப் போன் வரும். பிறகு எல்லாம் பாயோடுதான். என் தேர்வு, வேலை, சம்பந்தம் பேச வந்தவர்கள், எதைப் பற்றியும் வழக்கம்போல் பேசினார். பிரியத்தில் ஒரு குறையும் இல்லை. எஞ்சின் என்ற சொல் மட்டும் எங்கள் இருவருக்கும் நடுவிலிருந்து போய்விட்டது. நானும் அதை எடுக்கவில்லை. எனக்கு வாய் வரவில்லை என்பதைவிட, வாயைத் திறக்க என் பெருமை விடவில்லை என்று சொல்வதே உண்மை. நாள்கள் போகப்போக இப்போது போய் என்னத்தைக் கேட்பது என்று ஆகிவிட்டது. எத்தனையோ வீடுகளில் எத்தனையோ விஷயங்கள் இப்படித்தான் ஆகியிருக்கும்.

ஒருமுறை வில்லாபுரம் வழியாகப் போனபோது பட்டறையில் இறங்கினேன். பாய்க்கு வயதாகியிருந்தது. கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"எங்கப்பா அந்த ஸ்டாப்பரைப் பத்தி எதுவும் சொன்னாரா பாய்?"

"நான்தான் சொன்னேன் தாயி. அண்ணே, அஞ்சு நிமிச வேல, செவப்புக் குமிழ் வேற பக்கமாப் போட்டுத் தாரேன், இம்புட்டுக் கஷ்டம் எதுக்குன்னேன். வேணாம்னுட்டாரு. எம்மக போடச் சொன்ன எடத்துலயே இருக்கட்டும்னாரு." டீ சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நான் அந்த டீயைக் குடிக்கவில்லை.

போன வருடம் அப்பாவுக்கு வாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய், இப்போது சில சொற்கள் மட்டும் குழறிக்கொண்டு வருகின்றன. அம்மாவால் தனியாகத் தூக்கிப் படுக்கவைக்க முடியவில்லை. வாரக் கடைசியில் நான் வருகிறேன். திங்கள் விடியற்காலையில் திரும்புகிறேன். பஸ்ஸில் விடைத்தாள் திருத்துகிறேன், தூங்குகிறேன், இறங்கி வகுப்புக்குப் போகிறேன். ஓடையில் பாலம் கட்டிவிட்டார்கள். சங்கத்துச் சின்ன லாரி நேராக ஊருக்குள் வந்து பாலை எடுத்துக்கொண்டு போகிறது. ஜீப் மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வருடமாக நின்றது. கோழி உள்ளே முட்டையிட்டது. விற்றுவிடலாம் என்று அம்மா சொன்னாள். அப்பாவிடம் கேட்டோம். இடது கையைத் தூக்கி, போகட்டும் என்பதுபோல் அசைத்தார்.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிற ஒருவர் வாங்க வந்தார். மார்கழி, ஞாயிற்றுக்கிழமை காலை, புல்லில் பனி இருந்தது. முந்தின நாளே பேட்டரியைச் சார்ஜ் ஏற்றி, டீசல் ஊற்றி வைத்திருந்தேன். அவர் வண்டியைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். "அக்கா, குளுந்த எஞ்சினாவே ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க. டீசல்ல அதுதான் பார்க்கணும்" என்றார். விவரம் தெரிந்த ஆள்தான். அப்பா கட்டிலிலிருந்து ஜீப்பைக் காட்டி ஏதோ குழறினார். அம்மாவுக்குத்தான் புரிந்தது. நாங்கள் இருவரும் சேர்ந்து அவரைத் தூக்கி இடப்பக்க இருக்கையில் உட்காரவைத்தோம். வாங்க வந்தவர் புகை பார்ப்பதற்காகப் பின்னால் போய்க் குனிந்து நின்றார். அம்மா கோழிகளை விரட்டிக்கொண்டிருந்தாள்.

நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். கார் ஓட்டுவேன், கல்லூரி வேன்கூட ஓட்டியிருக்கிறேன். ஆனால் இந்த வண்டியில் இந்த இடத்தில் அவர் மடியை விட்டு இறங்கியபிறகு நான் உட்கார்ந்ததே இல்லை. சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை. சற்று விட்டு மறுபடி திருப்பினேன். பிடிக்கவில்லை. பின்னால் அந்த மனிதர், "என்னக்கா?" என்றார். பேட்டரியா, பிளக்கா, குழாயில் காற்றா என்று என் தலைக்குள் கரும்பலகைப் பட்டியல் ஓட ஆரம்பித்தது. அப்போது அப்பாவின் இடது கை அவர் மடியிலிருந்து எழுந்தது. மெதுவாக என் பக்கம் வந்தது. அது வந்து தொட்ட இடத்தைப் பார்த்தபோதுதான் என் கை எங்கே இருக்கிறது என்று கண்டேன். என் இடது கை அந்தக் குமிழை முழுதாக வெளியே இழுத்துப் பிடித்திருந்தது.

அவர் என் கைமேல் கையை வைத்தார். அவருக்கு அதில் அவ்வளவுதான் பலம் இருந்தது, அது போதும். என் விரல்களோடு சேர்த்துக் குமிழை உள்ளே தள்ளினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே, ஓடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாவியைத் திருப்பினேன். பிடித்தது. அந்த அதிர்வு இருக்கை வழியாக முதுகுக்கு ஏறியது.

"பரவால்லக்கா, மூணாவது அடியில புடிச்சிருச்சே. ஒரு வருசம் நின்ன வண்டின்னா நம்ப முடியல" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. அவர் எதையும் பார்த்திருக்கவில்லை.

அப்பா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அதை நிறுத்த வேண்டுமானால் மறுபடியும் அந்தக் குமிழை இழுக்க வேண்டும்.